கடக்கலாம், நிற்கக் கூடாது

காலர்தான் முதலில். உள்பக்கம் ஒரு இழுப்பு, வெளிப்பக்கம் ஒரு இழுப்பு. அப்புறம் தோள்பட்டை, கை, கடைசியில் முதுகு. இஸ்திரி அக்காவின் வலது கை கரிப்பெட்டியைத் தள்ளும்போது இடது கை சும்மா இருக்காது. பெட்டிக்கு முன்னால் ஓடி ஓடிச் சுருக்கத்தை நீவிக்கொண்டே போகும். வாயும் சும்மா இருக்காது.

"இது இன்ஸ்பெக்டர் ஐயா சட்டை. இதப் போட்டுக்கிட்டுத்தான் என்னைத் தூக்கி வண்டில ஏத்துனாரு. முதுகுல ரெண்டு மடிப்பு, அப்படியே கத்தி மாதிரி நின்னுச்சு. வண்டிக்குள்ள உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டுப் போனேன். நான் போட்ட மடிப்பு என்னையே இழுத்துக்கிட்டுப் போகுதேன்னு ஒரு பக்கம் கோவம். இம்புட்டுத் தள்ளுமுள்ளுலயும் கலையலையேன்னு ஒரு பக்கம் பெருமை."

சொல்லிவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டு, அதே இரண்டு மடிப்புகளை இன்னும் ஒரு முறை அழுத்தினார்.

நாலாம் பிளாக்கின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அக்காவின் கடை. கடை என்றால் ஒரு மேசை, மேசைமேல் நாலு போர்வை, ஒரு கரி மூட்டை, தண்ணீர் தெளிக்க மூடியில் ஓட்டை போட்ட பாட்டில். வயது நாற்பத்தாறு. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தங்கை உட்கார்ந்திருக்கிறார். தேய்த்த துணியை மடித்து அடுக்குவது தங்கையின் வேலை. அவருடைய இடது கால் மடங்காது. அது மேசைக்கு அடியில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் தட்டி விடாமல் இருக்க, அந்தக் காலுக்கு முன்னால் கரி மூட்டையைக் காவல் வைத்திருக்கிறார் அக்கா.

கைது செய்தவர்களின் சட்டையையே தேய்க்கிறாயே, உனக்கு ரோஷம் இல்லையா என்று பிளாக்கில் கேட்காத ஆள் இல்லை. அக்கா ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "சட்டை என்னங்க பண்ணுச்சு? அதுக்குள்ள யாரு நுழைஞ்சாலும் அது நிமிந்துதான் நிக்கும். குனியறதெல்லாம் ஆளுதான்."

கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கியை அக்கா மூட்டை கட்ட மாட்டார், பையிலும் போட மாட்டார். "மூட்டை கட்டுனா அது காக்கி இல்ல, கரித்துணி." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லி அப்படியே நடப்பார். கதவை முழங்கையால் தள்ளுவார். மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்வார். வாங்குகிறவரும் அதேபோல இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். புதிதாக வந்த காவலர் ஒருவர் ஒரு கையால் சட்டையைச் சுருட்டி வாங்கப் போய், நிலையத்து வாசலிலேயே வசை வாங்கினார். "பச்சப் புள்ளைய வாங்குற மாதிரி வாங்குங்க சார். இல்லன்னா நீங்களே தேச்சுப் போட்டுக்கங்க." இன்று அந்த நிலையத்தில் அக்கா வாசலில் தெரிந்ததும் எல்லாருடைய கையும் தானாக நீளும். எதிரே நிற்பவர் ஆய்வாளரே ஆனாலும் சரி.

இந்தத் தொழில் ஒழுங்குதான் தங்கையின் காலை முடக்கியது. இதை அக்காவே சொல்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் சொல்கிறார்.

குடியிருப்புக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பெரிய சாலை போகிறது. இந்தப் பக்கம் ஆறு பிளாக். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைத்தெரு, காவல் நிலையம். நடுவில் நாள் முழுக்கக் கல் ஏற்றிய லாரிகள். ஒரு வருடம் எட்டு மாதத்துக்கு முன்னால், மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு தங்கை அந்தச் சாலையைக் கடந்தார். லாரி வருவதைப் பார்த்தார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"ஓடியிருந்தா தப்பிச்சிருப்பா. ஓடாதடி, மடிப்புக் கலையும்னு நான்தான் வருஷக் கணக்கா சொல்லி வச்சிருந்தேன். சொன்னதக் கேட்டா பாருங்க. ஒரு நாளாவது கேக்காம இருந்திருக்கலாம்ல?"

தங்கை இதைக் கேட்டும் கேட்காததுபோல ஒரு பெட்ஷீட்டின் நாலு முனையைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அந்தச் சாலையில் கால் வைத்ததில்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் நேர் எதிரே, வாசல்கூடத் தெரிகிறது. அதற்கு ஆட்டோ பிடித்து, மேம்பாலம் வரை போய்ச் சுற்றி வருகிறார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் ஒரு சிக்னல் விளக்கு. சிவப்பு விழுந்தால் லாரி நிற்கட்டும், நாங்கள் போய்க்கொள்கிறோம் என்பதுதான். இதைவிடச் சின்னதாக ஒரு மனிதர் அரசாங்கத்திடம் எதைக் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. விபத்துக்கு முன்னாலிருந்தே, மொத்தம் மூன்று வருடம் மனு கொடுத்தார்கள். அக்காவின் போர்வைக்கு அடியில் மனுவின் நகல்கள் இருக்கின்றன. அவற்றின்மேல்தான் தினமும் துணி தேய்கிறது. "சூடு நல்லாத் தாங்குது, அரசாங்கம் மாதிரியே," என்றார்.

மனுவுக்கு யாரும் அசையாததால் ஆர்ப்பாட்டம் என்று முடிவானது. ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு படிவம் உண்டு. ஏழு நாள் முன்னால் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி வரை, என்னென்ன முழக்கம், எல்லாம் எழுத வேண்டும். முழக்கம் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முழக்கமாகப் படித்தார். 'விளக்குப் போடு, உடனே போடு' என்பதில் 'உடனே'யை அடித்தார்.

"ஏன் சார்?"

"அவசரப்படுத்துற மாதிரி இருக்கும்மா."

"அவசரம்தானே சார்?"

"அதத்தான் சொல்றேன்."

'போடு' என்பதையும் 'போடவும்' என்று மாற்றினார். "விளக்குப் போடவும், போடவும்னு கத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சிரித்தார். "அடுப்ப அணைக்கவும்னு வீட்டுல சீட்டு எழுதி வச்சிட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

அனுமதித்த இடம் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானம். ஊரில் போராட வேண்டியவர்கள் எல்லாம் அங்கேதான் போராட வேண்டும் என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஓட்டத்துக்கு உதவாத பழைய பஸ்கள். அறுபத்துமூன்று பெண்கள் வெயிலில் நின்று, திருத்தப்பட்ட ஐந்து முழக்கங்களையும் முறையாகப் போட்டார்கள். மனுவை வாங்க வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை. "டயர் இல்லாத பஸ்ஸு இருபது இருந்துச்சு. எங்க கோரிக்கைய எல்லாம் ஒருமனதா ஏத்துக்கிச்சுங்க. ஒண்ணுகூட எதுத்துப் பேசல."

அதற்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அதே அறுபத்துமூன்று பேர் படிவம் எதுவும் கொடுக்காமல் சாலையின் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடம்.

முதல் லாரி நின்றது, இரண்டாவது நின்றது. மூன்றாவது லாரியை ஓட்டி வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். காலையில் அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாடு பக்கத்து இருக்கையில் இருந்தது. எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் அவர் ஹாரன் அடித்தார். அடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர், முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்ததும் கையை எடுத்தார்.

"ஏய், எந்திரிடி! லோடு இருக்கு!"

"வீட்டுல வந்து பேசிக்கலாம். இப்ப இன்ஜின அமத்து, பொகை வருது."

அமத்தினார். அவர் அமத்தியதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் அமத்தினார்கள். அந்தச் சாலை சத்தமே இல்லாமல் இருந்ததை அன்றுதான் கேட்டேன் என்று இன்றும் சொல்கிறார் தங்கை. மாடிப்படியிலிருந்தே கேட்டிருக்கிறார்.

எல்லாரும் அக்காவைக் கொண்டாடினார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் பிளாக்கில் ஒருவர் அன்று நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவர், பாதிச் சாலையில் மாட்டிக்கொண்டார். வேலை போயிற்று. அன்று அவர் போட்டிருந்த நீலச் சட்டையை முந்தின நாள் மாலை பார்த்துப் பார்த்துத் தேய்த்தவர் அக்காதான். மறுநாள் அவர் கடைக்கே வந்து, "உங்க விளக்குக்கு நான்தான் கெடச்சேனா?" என்று கத்தினார். ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் அக்கா அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

"அவருக்குப் பண்ணுனது தப்புதான். அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா உக்காந்தது தப்பில்ல. யாருக்கும் எடஞ்சல் இல்லாம உக்காரணும்னா அதுக்குத்தான் பஸ்ஸுங்க நடுவுல எடம் குடுத்துருக்காங்களே."

அந்தப் படிவத்தில் 'எதிர்பார்க்கும் பயன்' என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் கணக்கு சுலபம். மூன்று வருட மனுவுக்கு ஒன்றும் வரவில்லை. மைதானத்து முழக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பது நிமிடம் வழியை மறித்த பதினோராம் நாள் இரண்டு கம்பங்கள் வந்தன. அதே பதினோரு நாளில் எட்டை அக்கா சிறையில் கழித்தார். வழக்கில் அவர்தான் முதல் எதிரி. "பள்ளிக்கூடத்துல ஒரு தடவகூட மொத எடம் வரல. இதுல வந்துட்டேன்."

ஜாமீன் கொடுத்த நீதிமன்றம் இரண்டு நிபந்தனை போட்டது. தொண்ணூறு நாள் தினமும் காலை பத்து மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் வேறு எந்தப் போராட்டத்திலாவது தலை தெரிந்தால் ஜாமீன் ரத்து, வழக்கு முடியும் வரை உள்ளேதான். நிலையத்துக்குப் போக அந்தச் சாலையைத்தான் கடக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் யோசிக்கவில்லை.

கம்பம் வந்தது, விளக்கும் வந்தது. மின்சார ஊழியர் ஒருவர் ஒரு பிற்பகல் ஏறி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிமிடம் எரிய விட்டுக் காட்டினார். பால்கனிகளில் நின்று எல்லாரும் கை தட்டினார்கள். அவர் இறங்குவதற்கு முன் மூன்று விளக்குக்கும் சேர்த்து ஒரு சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டு இறங்கினார். திறந்து வைக்க அமைச்சர் வர வேண்டுமாம். அவருக்குத் தேதி கிடைக்கவில்லையாம். இரண்டு மாதமாகச் சாக்கு அங்கேயே இருக்கிறது. அதில் ஒரு காக்கை கூடு கட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விளக்கு எரியவில்லையே தவிர உத்தரவு வந்துவிட்டது. கம்பத்திலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். 'சாலையைக் கடக்கலாம். நிற்கக் கூடாது. நான்கு பேருக்கு மேல் சேர்ந்து கடக்கக் கூடாது.' இதைக் காக்க ஒரு காவலரையும் போட்டார்கள். ஐம்பத்தைந்து வயது, முட்டிவலி. எந்நேரமும் விசில் வாயில் இருப்பதால் பிளாக்கில் அவருக்கு விசில்காரர் என்று பெயர். லாரியை நிறுத்த அவருக்கு உத்தரவு கிடையாது. நிற்கிற ஆளை நகர்த்தத்தான் உத்தரவு. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, நாலு பேரை விட்டுவிட்டு மாமியாரை மட்டும் அடுத்த தவணைக்கு நிறுத்தி வைத்தார். பாவம், அவருக்கும் அதில் விருப்பமில்லை. அக்கா அவர் சட்டையையும்தான் தேய்க்கிறார்.

போன திங்கட்கிழமை அக்கா எண்பத்தோராவது கையெழுத்தைப் போட்டார். எழுத்துக் காவலர் நோட்டைத் திருப்பிக்கொண்டே, "திறப்பு விழா மறுபடியும் தள்ளிப் போயிருச்சும்மா. அடுத்த மாசமாம்," என்றார்.

அன்று மாலை வீட்டு ஜன்னலில் நின்று அக்கா சாக்கு கட்டிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் ஒம்போது கையெழுத்து. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு, நானே லாரியக் குறுக்க நிறுத்துறேன்."

"நான் எதுவும் சொல்லலையே."

"அதான் பயமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா கையை நீட்டினார். தங்கை வெள்ளைத் துணியை விரித்து, நாலு காக்கிச் சட்டைகளை அடுக்கினார். மேலாக ஆய்வாளருடையது. அடுக்கி முடித்ததும் வழக்கம்போல ஸ்டூலில் உட்காரவில்லை. கரி மூட்டையைத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்தார்.

"எங்கடி?"

"எதுத்தாப்புலதான். இன்னிக்கி எனக்குப் பயிற்சி இருக்கு."

"ஆட்டோ?"

"சுத்தினது போதும்க்கா. ரோட்டத் தாண்டறதுக்குத்தானே பலகைல வழி விட்டுருக்காங்க. நீ என் முன்னாடி நட, போதும்."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார். ஒன்பது கையெழுத்தும் அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வந்திருக்கும். "மெதுவா வா," என்றார். "அவசரமே இல்ல."

விசில்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நாலு பேருக்கு மேல் இல்லை, இரண்டு பேர்தான். அனுமதிக்கத்தான் வேண்டும். ஒரு விசில் அடித்தார். அக்கா நீட்டிய கையோடு முன்னால் இறங்கினார், தங்கை பின்னால். கோல் முதலில், நல்ல கால் அடுத்து, மடங்காத கால் கடைசியில். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருப்பார்கள், வளைவில் கல் லாரி திரும்பியது. பின்னால் இன்னும் இரண்டு. ஹாரன் கேட்டதும் தங்கையின் கோல் நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

அக்கா ஓடவில்லை. லாரி வரும் திசைக்குத் திரும்பி, தங்கைக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றார்.

"நிக்கக் கூடாதும்மா! நட, நட!" வாயைத் திறந்ததில் விசில் நழுவி மார்பில் தொங்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் விசில்காரர். பிடித்து இழுக்கப் போனவரின் கை பாதியில் நின்றது. பிடிக்க இடமில்லை. அக்காவின் தோளிலிருந்து விரல்நுனி வரை ஆய்வாளரின் சட்டை.

"சார், பிடிங்க," என்றார் அக்கா.

அத்தனை நாள் பழக்கம். விசில்காரரின் இரண்டு கைகளும் தானாக நீண்டன, உள்ளங்கை மேலே பார்த்தபடி. வெள்ளைத் துணியோடு நாலு சட்டையையும் அக்கா அவர் கையில் இறக்கினார். இறக்கியதும், காலியான வலது கையை லாரிக்கு நேராகத் தூக்கினார். ஏழு கிலோ பெட்டியை இருபது வருடம் தள்ளிய கை அது.

லாரி உறுமிக்கொண்டு வந்து பத்தடிக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் இரண்டாவது நின்றது, மூன்றாவது நின்றது.

"போடி," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

கோல், நல்ல கால், மடங்காத கால். விசில்காரர் கையை அசைக்க முடியாமல் சாலை நடுவில் நின்று அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வளைவு வரை நீண்டது. ஹாரன்கள் காதைப் பிளந்தன. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. தங்கை எதிர்க்கரை ஏறி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, சாக்கு கட்டிய விளக்குக்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

"அதான் அவங்க போயிட்டாங்கல்ல," என்றார் விசில்காரர், கெஞ்சலாக. "இப்ப வாம்மா. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். ஒம்போது நாளுதானேம்மா."

"அவ போயிட்டா. மத்தவங்க?" பிளாக்கிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் நாலு பேர், கொஞ்சம் விட்டு இன்னும் நாலு பேர். "உங்க ஐயாவுக்கு ஒரு போன் போடுங்க சார். அந்தச் சாக்க அவுக்கச் சொல்லுங்க. அவுத்ததும் வந்து கையெழுத்துப் போடறேன். இல்ல, உள்ள போடறதா இருந்தாலும் போடட்டும். எனக்கு அவசரமில்ல."

"ரெண்டு கையிலயும் சட்டைய வச்சுக்கிட்டு எப்படிம்மா போன் போடுவேன்?"

அக்கா அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தார். ஓடி வந்த வேகத்தில் விசில்காரருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேல் சட்டையின் காலர் ஒரு முனை மடங்கியிருந்தது. அக்கா இடது கையை மட்டும் நீட்டி, இரண்டு விரலால் அந்த முனையை எடுத்து, நிமிர்த்தி, நீவி விட்டார். லாரிக்கு நேராகத் தூக்கிய வலது கை இறங்கவில்லை.